உருகுவேயில் நிலம் யாரிடம் போனது? தைலமரம், சோயா, குடும்ப விவசாயிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் அமெரிக்காவின் சிறிய நாடான உருகுவேயில் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நிலம் கைமாறிய கதையைச் சொல்லும்போதெல்லாம் கேட்பவர்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே மாதிரியான சந்தேகங்கள் வருகின்றன. சில அடிப்படையானவை, சில உண்மையிலேயே பதில் சொல்லக் கடினமானவை. கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். நம்மவர்களுக்கு ஏக்கர் கணக்கு எளிது என்பதால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ஹெக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர்.

உருகுவே என்றால் கால்பந்துதான் நினைவுக்கு வருகிறது. அங்கே என்ன விவசாயம் நடக்கிறது?

அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் இடையில் இருக்கும் நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டைவிடப் பெரியது, சுமார் 1 லட்சத்து 76 ஆயிரம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ 35 லட்சம்தான், அதிலும் பெரும்பகுதி தலைநகர் மொண்டேவிடியோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தது. நாட்டின் பெரும்பகுதி இயற்கையான புல்வெளி. மாடும் ஆடும் மேய்ப்பதே நூற்றாண்டுகளாக முதன்மைத் தொழில். மனிதர்களைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான மாடுகள் அங்கே உண்டு.

தெற்கே கொலோனியா, சான் ஹோசே, ஃபுளோரிடா மாகாணங்களில் பால் பண்ணைகள். தலைநகரைச் சுற்றிக் காய்கறி, பழத் தோட்டங்கள். மேற்கே உருகுவே ஆற்றை ஒட்டிய வளமான மண்ணில் தானியம். வடக்கிலும் கிழக்கிலும் மேடான, மெல்லிய மண் உள்ள பகுதிகளில் மேய்ச்சல். மரத்தோட்டங்கள் பெருமளவு வந்தது இந்தக் கடைசிப் பகுதிகளில்தான்.

அங்கே முன்பெல்லாம் நிலம் சமமாகப் பங்கிடப்பட்டிருந்ததா? இப்போதுதான் கெட்டுப்போயிற்றா?

இல்லை. பெரும்பண்ணைகள் ஸ்பானியர் காலத்திலிருந்தே இருக்கின்றன. விடுதலைப் போராட்டத் தலைவர் ஹோசே ஆர்திகாஸ் 1815 செப்டம்பரில் ஒரு நில ஒழுங்குமுறை வெளியிட்டார். எதிரிகளிடமிருந்து பறிமுதல் செய்த நிலத்தைச் சுதந்திரம் பெற்ற கறுப்பின மக்களுக்கும் பழங்குடியினருக்கும் ஏழைகளுக்கும் பிள்ளைகளோடு தனித்துவிடப்பட்ட விதவைகளுக்கும் முதலில் கொடுக்க வேண்டும் என்றது அது. யார் மிகவும் நலிந்தவரோ அவருக்கே முதல் உரிமை என்ற அதன் கொள்கையை உருகுவே மக்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அடுத்த ஆண்டே போர்ச்சுகீசியப் படையெடுப்பு வந்தது. பங்கிட்ட நிலங்கள் பிற்பாடு பழைய உரிமையாளர்களிடமே திரும்பின. 1870களில் முள்கம்பி வேலி வந்தபோது, வேலி போட வசதியில்லாதவர்கள் நிலத்தைவிட்டு வெளியேறினார்கள்.

ஆகவே ஏற்றத்தாழ்வு பழையது. ஆனால் பழைய பெரும்பண்ணைக்கு உள்ளூரில் ஒரு குடும்பப் பெயர் இருந்தது. அதன் வேலிக்கு வெளியே சிறிய பண்ணைகளும் பிழைத்துக் கிடந்தன. 1990க்குப் பிறகு மாறியவை இந்த இரண்டும்தான்.

அங்கே 500 ஹெக்டேர் வரை வைத்திருப்பவரும் குடும்ப விவசாயிதான் என்கிறார்களே, 1,200 ஏக்கர் வைத்திருப்பவர் ஜமீன்தார் அல்லவா?

நம் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அங்கே குடும்ப விவசாயி என்று அரசுப் பதிவேட்டில் சேர வேண்டுமானால் பல நிபந்தனைகள் உண்டு. நிலம், சராசரித் தர மண்ணாகக் கணக்கிட்டால், 500 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். பண்ணையிலேயோ அதிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருக்க வேண்டும். நிரந்தரக் கூலியாட்கள் இருவருக்கு மேல் கூடாது. மற்ற உழைப்பெல்லாம் குடும்பத்தினுடையது. 500 என்பது உச்ச அளவுதான். பதிவேட்டில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அதற்கு மிகக் கீழே இருக்கிறார்கள்.

மேய்ச்சல் நாட்டுக் கணக்கு வேறு. இயற்கைப் புல்லை மட்டும் நம்பினால் ஒரு மாட்டுக்குச் சுமார் ஒரு ஹெக்டேர் வேண்டும். நூறு ஹெக்டேர் மெல்லிய மண் வைத்திருப்பவர் நூறு உருப்படி மாடுகளோடு, ஆண்டுக்குச் சில பத்துக் கன்றுகளை விற்றுப் பிழைப்பவர். அவரை நம் ஊர் நஞ்சை முதலாளியோடு ஒப்பிட முடியாது.

மேய்ச்சல் நாட்டில் தைலமரம் எப்படி இவ்வளவு பெரிய தொழிலானது?

சட்டத்தால். 1987 டிசம்பரில் நிறைவேறிய வனச் சட்டம் மரம் வளர்ப்பை நாட்டு நலனுக்கு உரியது என்று அறிவித்தது. குறிப்பிட்ட மண்வகைகளை மர வளர்ப்புக்கு முன்னுரிமை உள்ளவை என்று வகுத்தது. அந்த மண்ணில் நட்டால் நில வரி விலக்கு, வருமான வரி விலக்கு, நடவுச் செலவில் பாதிவரை மானியம், நீண்டகாலக் கடன். மானியம் சுமார் இருபது ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. அதற்குள் தொழில் காலூன்றிவிட்டது. 1990இல் அரை லட்சம் ஹெக்டேருக்கும் குறைவாக இருந்த மரத்தோட்டம் இன்று பத்து லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. பெரும்பகுதி தைலமரம், அடுத்தது பைன்.

இதே சட்டம் இயற்கைக் காட்டை வெட்டுவதைத் தடை செய்கிறது. ஆகவே அங்கே மரத்தோட்டத்துக்காகக் காடு அழிந்தது என்று சொல்வது தவறு. மாறியது புல்வெளி, அதாவது மாடு மேய்ந்த நிலம்.

ஆலைகள் பிறகு வந்தன. 2007இல் ஃப்ரே பென்டோஸ் நகரில் பின்லாந்து நிறுவனமான போட்னியாவின் காகிதக்கூழ் ஆலை (இன்று யூபிஎம் நிறுவனத்துடையது). எல்லை ஆறு மாசுபடும் என்று அர்ஜென்டினா சர்வதேச நீதிமன்றம்வரை போய் வழக்காடியது இந்த ஆலையைப் பற்றித்தான். 2014இல் கொலோனியா மாகாணத்தில் ஸ்டோரா என்ஸோவும் சிலி நாட்டு அராவ்கோவும் சேர்ந்து நடத்தும் மோன்டெஸ் தெல் பிளாட்டா ஆலை. 2023இல் பாசோ தெ லோஸ் தோரோஸ் நகருக்கு அருகில் யூபிஎம்மின் இரண்டாவது ஆலை, ஆண்டுக்கு 21 லட்சம் டன் திறன் கொண்டது. மூன்றும் வரிச்சலுகை பெற்ற சுதந்திர வர்த்தக மண்டலங்களில் இயங்குகின்றன. இவ்வளவு பெரிய ஆலைகளை ஒரு நாளும் நிறுத்த முடியாது. அவற்றின் பசிக்குத் தக்கபடி நிலம் வேண்டும்.

சோயா எங்கிருந்து வந்தது?

அர்ஜென்டினாவிலிருந்து. அங்கே சோயா ஏற்றுமதிக்கு அரசு கடுமையான வரி விதித்திருந்தது, நிலக் குத்தகையும் ஏறிக்கிடந்தது. ஆற்றுக்கு இப்பால் உருகுவேயில் வரி இல்லை, குத்தகை மலிவு. லோஸ் க்ரோபோ, எல் தெஹார் போன்ற பெரும் நிறுவனங்கள் வந்தன. இவை நிலத்தை அதிகம் வாங்கவில்லை. முதலீட்டாளர்களின் பணத்தைத் திரட்டி, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, உழவையும் அறுவடையையும் ஒப்பந்தக்காரர்களிடம் விட்டு, விளைச்சலை ஏற்றுமதி செய்துவிட்டுப் போகும் முறை அவர்களுடையது. 2000ஆம் ஆண்டு வாக்கில் பத்துப் பன்னிரண்டாயிரம் ஹெக்டேராக இருந்த சோயா, 2014 வாக்கில் 13 லட்சம் ஹெக்டேர்வரை போனது.

பிறகு உலகச் சந்தையில் விலை சரிந்தது. எல் தெஹார் நாட்டைவிட்டே கிளம்பியது. ஆனால் சோயா ஏற்றிவிட்ட குத்தகையும் நில விலையும் பழைய மட்டத்துக்கு இறங்கவில்லை. அவர்கள் வருவதற்கு முன் அந்த நிலத்தில் குத்தகைக்கு மாடு வளர்த்தவர்களும் திரும்பி வரவில்லை.

நிலம் கைமாறிவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கணக்கு இருக்கிறதா?

உருகுவே அரசின் விவசாயக் கணக்கெடுப்பே சொல்கிறது. 2000இல் நாட்டில் 57,131 பண்ணைகள் இருந்தன. 2011இல் 44,781. பதினோரு ஆண்டுகளில் 12,350 பண்ணைகள் இல்லாமல் போயின, ஐந்தில் ஒன்றுக்கும் மேல். மறைந்தவற்றில் பத்தில் ஒன்பது நூறு ஹெக்டேருக்குக் குறைவானவை. மொத்த விவசாய நிலமோ சுமார் 164 லட்சம் ஹெக்டேர் என்ற அளவில் அப்படியே இருந்தது. அதாவது சிறிய பண்ணைகள் பெரியவற்றுக்குள் கரைந்தன.

இரண்டாவது கணக்கு இன்னும் முக்கியமானது. 2000இல் விவசாய நிலத்தில் சுமார் 90 சதவீதம் உருகுவே குடிமக்களான தனிமனிதர்களுக்குச் சொந்தம். 2011இல் அது சுமார் 54 சதவீதம். இடையில் விழுந்த பங்கின் பெரும்பகுதி நிறுவனங்களின் பெயருக்குப் போனது. பங்கு நிறுவனத்துக்குக் குடியுரிமை என்று ஒன்றைக் கணக்கெடுப்பில் எழுத முடியாது. ஆகவே நாட்டு நிலத்தின் மிகப் பெரிய பகுதிக்கு உரியவர் எந்த நாட்டவர் என்று அரசாலேயே சொல்ல முடியாத நிலை வந்தது.

யாரையும் அடித்து விரட்டவில்லையே. விருப்பப்பட்டுத்தானே விற்றார்கள்? இதில் என்ன அநியாயம்?

இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. உண்மைதான், யாரும் துப்பாக்கியோடு வந்து விரட்டவில்லை. பத்திரங்கள் ஒழுங்காகப் பதிவாயின, பணம் கைக்கு வந்தது.

ஆனால் விற்ற காலத்தைப் பாருங்கள். 1999இல் பிரேசில் தன் நாணய மதிப்பைக் குறைத்தது, உருகுவேயின் ஏற்றுமதி அடிவாங்கியது. 2001இல் கோமாரி நோய் பரவி மாட்டிறைச்சிச் சந்தைகள் மூடின. 2002இல் வங்கிகள் நொறுங்கின. விவசாயிகள் கழுத்தளவு கடனில் இருந்தார்கள். அப்போது நாட்டு நிலத்தின் சராசரி விற்பனை விலை ஹெக்டேருக்குச் சுமார் 385 டாலர். கையில் ரொக்கத்தோடு வந்தவர் வாங்கினார், கடன்காரர் விற்றார். 2000க்குப் பிந்தைய பன்னிரண்டு ஆண்டுகளில் 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் விற்பனையாயிற்று. சில நிலங்கள் திரும்பத் திரும்ப விற்கப்பட்டதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆனாலும் நாட்டின் விவசாய நிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வரும் அளவு அது.

ஒருபுறம் வரிச்சலுகையும் மலிவான வெளிநாட்டுக் கடனும் கொண்ட நிறுவனம், மறுபுறம் வட்டி கட்ட முடியாத குடும்பம். சட்டமே ஒருவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, இருவரும் சமமாகச் சந்தையில் நின்று பேரம் பேசினார்கள் என்று சொல்வது நியாயமில்லை. என் எதிர்ப்பு விற்றவர்மீதோ வாங்கியவர்மீதோ இல்லை, அந்தச் சட்டத்தின்மீதுதான்.

நிலத்தின் விலை பத்து மடங்கு ஏறியிருக்கிறதே, விவசாயிக்கு அது லாபம்தானே?

விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போகிறவருக்கு லாபம். 2002இல் 385 டாலராக இருந்த சராசரி 2014இல் 3,900 டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு விற்றவர் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார்.

தொடர்ந்து விவசாயம் செய்ய நினைப்பவருக்கு விலை ஏற்றம் சுமை. மாட்டின் விலை பத்து மடங்கு ஏறவில்லை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவர் நிலத்தில் இருக்க விரும்பினால் மற்ற இருவரின் பங்கைச் சந்தை விலைக்கு வாங்க வேண்டும். மாடு மேய்த்து வரும் வருமானத்தில் அது முடியாது. எனவே தகப்பன் இறந்ததும் நிலம் முழுவதும் விற்பனைக்கு வருகிறது. குடும்பப் பண்ணைகள் அதிகம் உடையும் இடம் இந்த வாரிசுப் பங்கீடுதான். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞருக்கோ வாசலே அடைபட்டுவிட்டது.

விற்க வேண்டாம், மர நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டால் நிலம் நம்முடையதாகவே இருக்குமே?

பத்திரத்தில் இருக்கும். நிறுவனங்கள் நில உரிமையாளர்களோடு கூட்டு வளர்ப்பு ஒப்பந்தங்கள் போடுகின்றன. ஆண்டுக் குத்தகை உறுதி, அல்லது வெட்டும்போது மரத்தில் பங்கு. மெல்லிய மண்ணுள்ள ஒரு மூலையை மட்டும் இப்படி விட்டுவிட்டு மற்றதில் மாடு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இது வறட்சிக் காலத்தில் தாங்கிப் பிடிக்கும் வருமானம். இதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சிக்கல் முழு நிலத்தையும் விடும்போது வருகிறது. கூழுக்கான தைலமரம் வெட்டுக்கு வரச் சுமார் பத்து ஆண்டுகள். ஒப்பந்தம் ஒரு சுற்றோடு முடியாமல் இரண்டு சுற்றுக்கும் நீளும். அதற்குள் மாடுகள் விற்கப்பட்டிருக்கும், வேலி விழுந்திருக்கும், பிள்ளைகள் நகரத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள். நிலம் கைக்குத் திரும்பும்போது அதில் விவசாயம் செய்யத் தெரிந்தவர் வீட்டில் இருக்கமாட்டார்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. உரிமையாளர் நிலத்தை மர நிறுவனத்துக்கோ சோயா நிறுவனத்துக்கோ விடும்போது, அதுவரை அதே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பால்மாடு வளர்த்தவர் வெளியேறுகிறார். தெற்குப் பகுதிப் பால் பண்ணையாளர்கள் பலருக்கு நடந்தது இதுதான். நிலம் விற்கப்படவே இல்லை, உரிமையாளர் பெயரும் மாறவில்லை, ஆனால் ஒரு பண்ணை மறைந்துவிட்டது.

வெளிநாட்டவர் நிலம் வாங்கக்கூடாது என்று ஒரே வரியில் சட்டம் போட்டால் தீர்ந்துவிடாதா?

1999 சட்டம் ஒன்று பங்கு நிறுவனங்கள் விவசாய நிலம் வைத்திருக்கத் தாராளமாக வழிவிட்டது. பங்குப் பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்ற முறை அப்போது இருந்ததால், உண்மையான முதலாளி யாரென்று தெரியாமலே நிலம் கைமாறியது. 2007 ஜனவரியில் இதை மாற்றினார்கள். விவசாய நிலம் வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகள் பெயர் தெரிந்த மனிதர்களுடையதாக இருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் பங்குதாரர் எண்ணிக்கையோ தொழிலின் தன்மையோ அதற்கு இடம்தராவிட்டால் அரசு விலக்கு அளிக்கலாம் என்றும் எழுதினார்கள். விலக்கு ஏராளமாக வழங்கப்பட்டது. 2014இல் வெளிநாட்டு அரசுகள் நிலம் வாங்கத் தடை வந்தது. வெளிநாட்டுத் தனியாருக்கு இன்றும் தடை இல்லை.

என் பார்வையில் வெளிநாட்டவரா உள்நாட்டவரா என்பது பாதிக் கேள்விதான். 2009இல் ஸ்பெயின் நாட்டு நிறுவனமான என்ஸே தன் உருகுவே நிலங்களில் பெரும்பகுதியை ஸ்டோரா என்ஸோ, அராவ்கோ கூட்டுக்கு விற்றது, சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் ஹெக்டேர். 2017இல் அமெரிக்காவின் வேயர்ஹாசர் நிறுவனம் சுமார் 3 லட்சம் ஏக்கர் மரத்தோட்டத்தைப் பிரேசில் முதலீட்டு வங்கி ஒன்றின் தலைமையிலான குழுவுக்கு 40 கோடி டாலருக்கு விற்றது. இவ்வளவு நிலம் ஒரே கையெழுத்தில் கைமாறும்போது, அதன் ஓரத்தில் இருபது ஹெக்டேர் வாங்க ஆசைப்படும் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் யாரும் கேட்கப்போவதில்லை. வாங்குபவர் மொண்டேவிடியோ பணக்காரராக இருந்தாலும் அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரரின் நிலை இதுவே.

வேலைவாய்ப்பு வந்ததா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

வந்தது. நாற்றுப் பண்ணை, நடவு, வெட்டு, லாரி, ஆலை, துறைமுகம் என்று ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்திருக்கிறது. பரந்த மேய்ச்சலைவிட மரத்தொழில் அதிக ஆட்களுக்கு வேலை தருகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காகிதக்கூழ் இன்று மாட்டிறைச்சியோடு போட்டியிடும் முதன்மை ஏற்றுமதி.

ஆனால் அந்த வேலை பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறது. ஆட்கள் நகரத்தில் குடியிருந்து, வண்டியில் ஏறி, வேலை இருக்கும் தோட்டத்துக்குப் போய் வருகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டுப்புறத்தில் வசித்தவர்கள் ஐந்து சதவீதம் சொச்சம்தான். குடும்பப் பண்ணையின் உழைப்பாளி தன் நிலத்தில் என்ன செய்வது என்று தானே முடிவெடுத்தவர். அவருடைய மகன் கூலி பெறுகிறார், அந்த முடிவு இப்போது அவர் கையில் இல்லை.

தைலமரம் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்கிறார்களே, அது வெறும் வதந்தியா?

புல்வெளியாக இருந்த நீர்ப்பிடிப்பில் அடர்த்தியாக மரம் நட்டால் ஓடைக்கு வரும் நீர் குறைகிறது. உலகின் பல பகுதிகளில் அளந்து கண்ட முடிவு இது, உருகுவே ஆற்றுப் படுகைகளிலும் கண்டிருக்கிறார்கள். மரம் ஆழமாக வேர்விட்டு ஆண்டு முழுவதும் நீரை ஆவியாக்குகிறது, புல் அவ்வளவு எடுப்பதில்லை. எவ்வளவு குறையும் என்பது மழை, மண், நீர்ப்பிடிப்பில் எத்தனை பங்கு மரம் என்பதையெல்லாம் பொறுத்தது. மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் யாருக்கும் தெரியாது. வறண்ட கோடையில், கீழே இருக்கும் சிறு பண்ணையின் கிணறும் மாடு குடிக்கும் குட்டையும் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அதிகம் பேசப்படாத தொல்லை ஒன்றும் உண்டு. ஆடு வளர்ப்பவர்களிடம் கேட்டால் காட்டுப்பன்றியையும் நரியையும் பற்றித்தான் முதலில் புலம்புவார்கள். ஆளில்லாத மரத்தோட்டம் பன்றிகளுக்கு நல்ல மறைவிடம். இரவில் வெளியே வந்து குட்டிகளைத் தின்றுவிட்டுப் போகின்றன. சுற்றிலும் மரம் சூழ்ந்த சிறு பண்ணைக்காரர் கடைசியில் ஆட்டை விட்டுவிடுகிறார், அதற்கடுத்து நிலத்தையும்.

பெரிய நிலத்துக்கு அதிக வரி போட்டால், அல்லது உச்சவரம்பு வைத்தால்?

உருகுவேயில் தனியார் நிலத்துக்கு உச்சவரம்பு கிடையாது. வரி போட்டுப் பார்த்தார்கள். ஜனாதிபதி ஹோசே முஹிகா ஆட்சியில், 2011 இறுதியில், 2,000 ஹெக்டேருக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு நிலக் குவிப்பு வரி வந்தது. வரும் பணம் நாட்டுப்புறச் சாலைகளுக்கு என்றார்கள். பெரும் உரிமையாளர்கள் நீதிமன்றம் போனார்கள். நிலத்துக்கு வரி விதிக்கும் உரிமை மாகாண அரசுகளுடையது என்ற அடிப்படையில், 2013இல் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. வரி போய்விட்டது.

மரத்துக்கு வரம்பு வைக்கவும் முயன்றார்கள். 2021இல் மரத்தோட்டம் விவசாய நிலத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது, முன்னுரிமை மண்ணில் மட்டுமே நடலாம் என்ற மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியில் இருந்த வலதுசாரிக் கட்சி ஒன்றும் எதிர்க்கட்சியான இடதுசாரி முன்னணியும் சேர்ந்து வாக்களித்தன. அந்த ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி லகாயே போவ் தன் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தி அதை நிறுத்தினார்.

இடதுசாரிகள் பதினைந்து ஆண்டுகள் ஆண்டார்களே, அவர்கள் ஏன் மாற்றவில்லை?

2005 முதல் 2020 வரை ஆண்டார்கள். குடும்ப விவசாயிகளுக்கான பதிவேடு, அரசு கொள்முதலில் அவர்களுக்கு ஒதுக்கீடு, மண் அரிப்பைத் தடுக்கப் பயிர்த் திட்டம் கட்டாயம், நிலக் குவிப்பு வரி எல்லாம் அவர்கள் காலத்தவை. மேலே சொன்ன மூன்று ஆலைகளில் இரண்டு இயங்கத் தொடங்கியதும், மூன்றாவதற்கான ஒப்பந்தம் 2017இல் கையெழுத்தானதும் அவர்கள் காலத்தில்தான். அந்த ஒப்பந்தப்படி தலைநகரிலிருந்து ஆலைவரை ரயில் பாதையையும் அரசே புதுப்பித்துக் கொடுத்தது. முதலீடும் வேண்டும், சிறு விவசாயியும் வேண்டும் என்று இரண்டையும் பிடிக்க நினைத்தார்கள். எந்தப் பக்கம் எவ்வளவு பணம் போனது என்று பார்த்தால் எது வென்றது என்பது விளங்கும்.

அரசே நிலம் வாங்கிக் கொடுக்கும் அமைப்பு இருக்கிறதாமே? அது வேலை செய்கிறதா?

இருக்கிறது, வேலையும் செய்கிறது. உருகுவேயைப் பற்றிப் படிக்கையில் எனக்கு நம்பிக்கை தரும் பகுதி இதுதான். தேசிய நிலக் குடியேற்ற நிறுவனம் 1948இல் சட்டப்படி உருவானது. நிலத்தை வாங்கி, நிலமில்லாத அல்லது போதிய நிலமில்லாத குடும்பங்களுக்கும் குழுக்களுக்கும் சந்தையைவிடக் குறைந்த குத்தகைக்குக் கொடுக்கிறது. பெறுபவர் நிலத்தில் உழைக்க வேண்டும். நிறுவனத்தின் அனுமதியின்றி விற்கவோ உள்குத்தகைக்கு விடவோ முடியாது. சில ஆண்டுகளாகக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள். முன்பெல்லாம் ஆண் பெயரில் மட்டும் எழுதியதால், குடும்பம் பிரிந்தால் அத்தனை ஆண்டு பால் கறந்த பெண்ணுக்கு ஒன்றும் மிஞ்சியதில்லை.

இந்த நிறுவனத்துக்கு ஒரு வலுவான ஆயுதம் உண்டு. 500 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தை விற்பவர், பேசி முடித்த அதே விலைக்கு முதலில் நிறுவனத்துக்குக் கொடுக்க முன்வர வேண்டும். அது வேண்டாம் என்றால்தான் வேறு ஒருவருக்கு விற்கலாம். அதாவது மேலே சொன்ன பெரும் விற்பனைகள் பலவும் இந்த மேசையைத் தாண்டித்தான் போயின. பெரும்பாலும் பணம் இல்லை என்பதாலேயே வேண்டாம் என்று எழுதி அனுப்பினார்கள்.

இன்று நாட்டின் விவசாய நிலத்தில் சுமார் நான்கு சதவீதம் இந்த நிறுவனத்தின் ஏற்பாட்டின்கீழ் இருக்கிறது. 2025இல் ஃபுளோரிடா மாகாணத்தில் 4,404 ஹெக்டேர் பண்ணை ஒன்றைப் பால் பண்ணையாளர்களுக்காகச் சுமார் 3 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்க முடிவெடுத்தபோது, இவ்வளவு செலவா என்று பெரும் அரசியல் சண்டை வந்தது. கணக்குப் போட்டால் ஹெக்டேருக்கு ஏழாயிரம் டாலருக்கு மேல். 385 டாலர் விலை இருந்த நாட்களில் இந்த நிறுவனத்தின் கையில் பணத்தைக் கொடுத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டிலும் இப்படி நடக்குமா?

அதே வடிவில் நடப்பது கடினம். 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி நம் சராசரி உழவு நிலம் 0.75 ஹெக்டேர். நில உச்சவரம்புச் சட்டமும் இருக்கிறது, ஐந்து பேர் வரையுள்ள குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). தொழில் நிறுவனங்களுக்கு அரசு விலக்கு அளிக்க அந்தச் சட்டத்திலேயே வழி உண்டு என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். 2007 உருகுவே சட்டத்தில் விலக்கு என்ற ஒரு சொல் என்ன செய்தது என்று முன்பே பார்த்தோம். நம் காகித ஆலைகள் பெரும்பாலும் விவசாயிகளின் நிலத்திலேயே சவுக்கும் தைலமரமும் வளர்க்கச் செய்து, வெட்டிய மரத்தை வாங்கிக்கொள்கின்றன.

எனவே நமக்கு நெருக்கமான பாடம் குத்தகைக் கேள்விக்கான பதிலில் இருக்கிறது. பட்டாதாரர் வெளியூரில் இருந்துகொண்டு, ஆள் பற்றாக்குறை என்று நிலத்தில் சவுக்கு வைக்கிறார். அதுவரை வாய்மொழிக் குத்தகையில் கடலையோ நெல்லோ போட்டவர் வெளியேறுகிறார். பட்டாவில் பெயர் மாறாது. எழுத்தில் இல்லாத குத்தகைதாரர் எந்தக் கணக்கிலிருந்தும் குறையமாட்டார், முதலிலேயே அவர் கணக்கில் இல்லை.

ஒருமுறை தைலமரம் வைத்த நிலத்தைப் பழையபடி மேய்ச்சலாக்க முடியுமா?

முடியும், ஆனால் செலவும் காலமும் பிடிக்கும். வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்க்கும், அதைக் கொல்ல வேண்டும். கட்டைகளை இயந்திரத்தால் அரைக்கவோ, மட்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவோ வேண்டும். மண்ணில் அமிலத்தன்மை சற்றுக் கூடியிருக்கும், சுண்ணாம்பு தேவைப்படலாம். விதைத்த புல் ஓரிரு ஆண்டில் வந்துவிடும். பல நூறு வகைச் செடிகள் கலந்த பழைய இயற்கைப் புல்வெளி அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. கட்டை அகற்றும் செலவு யாருடையது என்று குத்தகை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் அது நில உரிமையாளர் தலையில் விழும். உருகுவேயில் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் போகும் விவசாயிக்கு அவருடைய சங்கத்தார் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்: கட்டையைப் பற்றிய வரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் அந்தச் செலவைக் கணக்கிட்டுக் குத்தகையில் கூட்டிக் கேளுங்கள்.